மூணாவது துண்டு

இல்ல சார், நண்டு கடிச்சு இப்படி ஆகாது. படகுத்துறையில உங்ககிட்ட யாரு சொன்னது, தலைவரா? அவரு சொல்லுவாரு. அவருக்குப் பல்லு வலிச்சாக்கூட நண்டுதான் காரணம். நண்டு கடிச்சா சாக்குல வட்டமா ஓட்டை விழும். இது பாருங்க, ஓரத்துல கோடு போட்ட மாதிரி நேரா பிரிஞ்சிருக்கு. துணிக்கு ஒண்ணும் ஆகல. தையல்தான் விட்டிருக்கு.

பார்த்து, பாசி. அந்த ஷூவைக் கழட்டிக் கையில எடுத்துக்கங்க. கூச்சப்படாதீங்க, இங்க வந்த ஆபீசருங்க எல்லாருமே முதல் மூட்டையில ஷூவோட ஏறி ரெண்டாவது மூட்டையில உக்காந்தவங்கதான்.

நான் தையல் கூடத்துல இருக்கிறவ. தண்ணி ஏறுறதுக்குள்ள உங்களுக்குக் கையைச் சுத்திக் காட்டிட்டு, சாப்பாடு போட்டு, மத்தியானப் படகுல ஏத்தி விடணும்னு தலைவரு சொல்லியிருக்காரு. கைன்னா இதுதான், இப்ப நாம நிக்கிறது. இந்த மண்ணு மூட்டை வரிசை கரையிலேருந்து கடலுக்குள்ள நீட்டிக்கிட்டு இருக்கில்ல, அதனால கை. உங்க தாள்ல வேற பேரு இருக்கும்.

ஆமா, அந்த மனுவுல எழுதியிருக்கிறது என் அக்காவைத்தான். கூடப்பொறந்தவ. உங்ககிட்ட அதைச் சொல்லலையா அவங்க? சரி, சொல்லியிருக்க மாட்டாங்க.

எனக்குத் தெரியும் என்ன எழுதியிருக்காங்கன்னு. கடைசி முப்பது அடிக்குப் போட்ட சாக்கை எல்லாம் வேணும்னே மோசமா தைச்சுக் கொடுத்தா, அதான் ஒண்ணொண்ணா பிரியுதுன்னு. நீங்க இன்னைக்குப் பார்த்துட்டு ஆமான்னு எழுதிட்டீங்கன்னா அவளைத் தையல் கூடத்துலேருந்து நிறுத்திடுவாங்க. மாத்து வீடு தர்ற பட்டியல்லேருந்தும் பேரை எடுத்துடுவாங்க. தீவுக்குக் கெடுதல் செஞ்சவளுக்குத் தீவுல வீடு எதுக்குன்னு போன கூட்டத்துல பேசியே முடிச்சாச்சு. உங்க கையெழுத்துதான் பாக்கி. அவளுக்கு இருக்கிறது அந்தத் தையல் மெஷினும், பட்டியல்ல அந்த ஒரு வரியும்தான். வேற ஒண்ணும் இல்ல.

நான் அழல, தம்பி. உப்புத்தண்ணி தெறிக்குது. தம்பின்னு சொல்லிட்டேனா? வாயில அதான் வருது. என் பெரிய பையன் வயசுதான் இருக்கும் உங்களுக்கு.

அந்தப் பிரிஞ்ச சாக்கையும் எடுத்துக்கிட்டு இப்படி வாங்க, இது முதல் துண்டு, இதுல உக்காரலாம். நாலு வருஷமாச்சு இதைப் போட்டு, ஒரு மூட்டை அசையல. தட்டிப் பாருங்க. கல்லு மாதிரி இருக்கில்ல?

அப்ப பள்ளிக்கூடத்துச் சுவருல அலை அடிக்கும். பாடம் நடக்கும்போது வாத்தியார் குரலை விட அதுதான் பெருசா கேக்கும். ஒரு நாள் காலையில போய்ப் பார்த்தா விளையாட்டு மைதானத்துல பாதியக் காணோம். அந்தச் சறுக்கு மரம் இருக்கில்ல, அது சறுக்கி நேரா தண்ணியில இறங்குது. பிள்ளைங்களுக்கு ஒரே சந்தோஷம். மனு கொடுத்தோம், பார்த்தோம்னாங்க. திரும்பக் கொடுத்தோம், பார்க்கிறோம்னாங்க. உங்களைச் சொல்லல, உங்களுக்கு முன்னாடி இருந்தவங்க.

அப்புறம் நாங்களே இறங்கினோம். பழைய ஐஸ் ஃபேக்டரி ஒண்ணு சும்மா கிடந்தது, அதைக் கழுவி எட்டு மெஷின் போட்டு அதான் தையல் கூடம். நின்னா இன்னமும் மீன் வாடை வரும். தடிமனான கறுப்புத் துணி, தடிமனான நைலான் நூல், பதினெட்டாம் நம்பர் ஊசி. ஒரு நாளைக்கு நாலு ஊசி உடையும். நான், அக்கா, இன்னும் ஆறு பேரு. நாங்க தைப்போம், ஆம்பளைங்க மண்ணை ரொப்புவாங்க, தண்ணி வத்துற நேரம் பார்த்து வரிசையா நின்னு கை மாத்திக் கை மாத்தி இறக்குவோம். தலைவரு கூட இறங்குவாரு. சும்மா சொல்லக் கூடாது, அவரும் முதுகு ஒடிய வேலை பார்த்தவருதான்.

மூணே மாசத்துல மண்ணு சேர ஆரம்பிச்சுது. நீங்க நம்ப மாட்டீங்க, பெரியவங்க எல்லாம் போயி அதுல சும்மா நடந்துட்டு வந்தோம். வேலை ஒண்ணும் இல்ல, நடக்கிறதுக்குன்னே போனோம். இப்பப் பாருங்க, சுவருலேருந்து நாப்பது அடி. கொடி எல்லாம் படர்ந்து பூ விட்டிருக்கு.

எங்க மண்டையில என்னன்னா, கை மண்ணை உண்டாக்குதுன்னு நினைச்சோம். நிஜமாத்தான். மாடு பால் கறக்கிற மாதிரி இது மண்ணு கறக்கும்னு. இருபது அடிக்கே இவ்வளவுன்னா இன்னும் நீட்டினா இன்னும் வரும்னு மறு வருஷமே ரெண்டாவது துண்டு போட்டோம்.

நீங்க சிரிக்கிறீங்க. சிரிங்க. உங்களுக்குப் புத்தகத்துல முதல் பக்கத்துலயே இருக்கும். கடல்ல மண்ணு நடந்துக்கிட்டே இருக்கு, வருஷத்துல எட்டு மாசம் பள்ளிக்கூடப் பக்கத்துலேருந்து தீவோட முனைப் பக்கமா நடக்குது, வழியில கையை நீட்டி மறிச்சா இந்தப் பக்கம் குவியும், அந்தப் பக்கம் போய்ச் சேராது. அவ்வளவுதானே? எங்களுக்கு இது புரிய ரெண்டு வருஷம் ஆச்சு. எங்க எல்லாருக்கும் முன்னாடி அக்காவுக்குப் புரிஞ்சுது. ஏன்னா அவ வீடு முனையில.

அந்தோ தெரியுது பாருங்க, நீலக் கதவு. அதுக்குப் பின்னாடி பதினோரு வீடு, அவளுதுதான் கடைசி. அவ என்ன பண்ணா தெரியுமா? துணி அளக்கிற டேப்பை எடுத்துக்கிட்டுப் போய்க் கடற்கரையை அளந்தா. அஞ்சு அடி டேப்பு. குனிஞ்சு குனிஞ்சு, குச்சி நட்டு, வாசப்படியிலேருந்து தண்ணி வரைக்கும். பார்த்தவங்க எல்லாம் கடலுக்கு ஜாக்கெட் தைக்கப் போறியான்னு கேட்டாங்க. தைச்சா நிக்குமான்னு பார்க்கிறேன்னு சொன்னா. அவ வாய் அப்படி. ஒவ்வொரு மாசமும் அளந்து, தையல் கூடத்துச் சுவருல சாக்பீஸால எழுதி வைப்பா. கை போடறதுக்கு முன்னாடி, முதல் தடவை அளந்தப்ப, நூத்திப் பத்து அடி. முதல் துண்டுக்கப்புறம் எழுபது. ரெண்டாவதுக்கப்புறம் நாப்பத்திரெண்டு. நாங்க தினமும் அந்தச் சுவத்தைப் பார்த்துக்கிட்டேதான் சாக்கு தைச்சோம். அவளும் தைச்சா, அதைச் சொல்லணும். அவ வீட்டுப் பக்கம் வர்ற மண்ணை நிறுத்தின சாக்குல நாலுல ஒண்ணு அவ தைச்சது.

மூணாவது துண்டு போடறதுக்குக் கூட்டம் போட்டாங்க. அக்கா எழுந்து, நீட்ட வேண்டாம், நீட்டித்தான் ஆகணும்னா புதுத் துண்டுக்கு நடுவுல ஒரு வாசல் விடுங்க, மண்ணு கொஞ்சம் இங்க தங்கட்டும், கொஞ்சம் அங்க வரட்டும்னு சொன்னா. கத்தல. கெஞ்சல. டேப்பைக் காட்டி நம்பரைச் சொன்னா, அவ்வளவுதான். தலைவரு கேட்டாரு, பதினோரு வீட்டுக்காகப் பள்ளிக்கூடத்தைக் கடல்ல விடச் சொல்றியான்னு. கை தூக்கச் சொன்னாங்க.

நானா? நான் தூக்கினேன். நீட்டணும்கிறதுக்குத் தூக்கினேன். என் பேத்தி அந்தப் பள்ளிக்கூடத்துல படிக்குது. என் வீட்டுக்கும் சுவருக்கும் நடுவுல ஒரு சந்துதான். தூக்கிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், அக்கா என் முகத்தைப் பார்க்கல. என் கையை மட்டும் பார்த்தா. தையல் பிசகியிருக்கிற இடத்தைப் பார்ப்பா இல்ல, அந்த மாதிரி.

அன்னைக்கு நின்னுபோச்சு பேச்சு. ஒம்பது மாசம். எங்க ரெண்டு மெஷினும் பக்கத்துப் பக்கத்துலதான். கத்தரிக்கோல் ஒண்ணுதான் ரெண்டு பேருக்கும். அவ வெட்டி முடிச்சா நடுவுல வைப்பா, நான் எடுத்துக்குவேன். நான் வெட்டி முடிச்சா நடுவுல வைப்பேன். தைச்ச சாக்கை ரெண்டு பேரும் ஒரே குவியல்லதான் போடுவோம், சின்ன வயசுலேருந்து அப்படிப் பழக்கம், வீட்டுல ஒரே மெஷின்ல மாத்தி மாத்தித் தைச்சுக் கத்துக்கிட்டவங்க. எண்ணிக் கொடுக்கிறது அவதான். அதனால அந்தக் குவியலுக்கு அவ பேருதான் இருக்கும். மூணாவது துண்டுக்குப் போனது முக்கால்வாசி அந்தக் குவியல்லேருந்துதான்.

ஆமா சார், அதான் அவங்க சொல்றதும். அவ குவியல், அவ வீடு முனையில, கூட்டத்துல எதிர்த்துப் பேசினவ. வேற யாரைச் சந்தேகப்படுவாங்க. என்னை எதுக்குச் சந்தேகப்படப் போறாங்க, என் வீடு இந்தப் பக்கம்.

கால் வலிக்குது, நானும் உக்காந்துக்கிறேன். இருங்க, இன்னும் அரை மணி நேரம் இருக்கு தண்ணி ஏற.

மூணாவது துண்டுக்குத் தைச்சுக்கிட்டு இருக்கிறப்ப ஒரு நாள், அவ பக்கத்து மெஷின்காரிகிட்ட சொல்லிக்கிட்டு இருக்கா. என்கிட்ட இல்ல. ஆனா என் காதுல விழட்டும்னுதான். அடுப்பை முன் ரூமுக்கு மாத்திட்டேன்டி, காத்துமழையில அலை ஏறிப் பின்னாடி சுவரு போச்சு, இனிமே குழம்புக்கு நான் உப்புப் போட வேண்டியதில்ல, அலையே போட்டுடும்னு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அவளும் சிரிச்சுக்கிட்டே அடுத்த சாக்கை எடுத்து ஊசிக்குக் கீழ வச்சா. அவ வீட்டை இடிக்கப் போற சாக்கு. அதை எப்படித் தைச்சா தெரியுமா? மூலைக்கு வந்ததும் மூணு தையல் பின்னாடி போய்த் திரும்ப அடிச்சு, நூலை இழுத்துப் பார்த்து, அப்புறம்தான் வெட்டினா. எப்பவும் தைக்கிற மாதிரியே. மோசமா தைக்க அவளுக்குத் தெரியாது சார். அது கையில வராது அவளுக்கு.

போன மாசம் முதல் சாக்கு பிரிஞ்சப்ப தலைவரு அதைத் தூக்கிட்டு வந்து கூடத்துல நடுவுல போட்டாரு. சொட்டச் சொட்ட. இது யாரு வேலைன்னு கேட்டாரு. அக்கா எழுந்து வந்து, குனிஞ்சு, பிரிஞ்ச ஓரத்தைப் பிடிச்சு நகத்தால ஒரு துண்டு நூலை உருவினா. விரல்ல வச்சு உருட்டினா. உருட்டிப் பார்த்துட்டு, என்னை ஒரு பார்வை பார்த்தா. ஒம்பது மாசத்துக்கப்புறம் முதல் தடவை. அப்புறம் அந்த நூலைக் கீழ போட்டுட்டு, என் குவியல்லேருந்து போனதுதான்னு சொல்லிட்டுப் போய் உக்காந்துட்டா. அதோட சரி. மனு எழுதினாங்க, பேரை எடுக்கிறோம்னாங்க, எதுக்கும் வாயைத் திறக்கல. நேத்துக்கூட வந்து தைச்சா.

அந்தப் பிரிஞ்ச ஓரத்தை இப்படிக் கொடுங்க. இந்த நூலைப் பிடிங்க. இழுங்க, பலமா வேண்டாம், சும்மா. பார்த்தீங்களா? பஞ்சு மாதிரி வருது. இப்ப இந்த முதல் துண்டுல இருக்கிறதை இழுங்க. உங்க விரல்தான் அறுபடும். இது நைலான். அது பருத்தி. பேன்ட் தைக்கிற கறுப்பு நூல், கடையில கிடைக்கும். கண்ணால பார்த்தா ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. உப்புத்தண்ணியில ஆறு ஏழு மாசம் தாங்கும், அப்புறம் மக்கிடும்.

கடைக்காரன் ஏமாத்தல சார். அவன் கேட்டதைத்தான் கொடுத்தான். பேரப்பசங்களுக்குக் கால்சட்டை தைக்கன்னு கேட்டு வாங்கினேன்.

எல்லாத்துலயும் இல்ல. நடுவுல இறக்குற நாள்ல நான் தைச்ச சாக்குக்கு மட்டும், அடி ஓரத்துக்கு மட்டும். அவ கேட்ட வாசல் எந்த இடமோ, அங்க. கூட்டத்துல எனக்குத் தைரியம் இல்ல. ஊசியிலதான் வந்துச்சு. பள்ளிக்கூடத்துப் பக்கம் சேர்ந்திருக்கிற நாப்பது அடியில கொஞ்சம் போனா சுவரு விழாதுன்னு எனக்குத் தோணிச்சு. தோணிச்சுதான். கணக்குத் தெரிஞ்சவ இல்ல. அதை நீங்க போட்டுச் சொல்லுங்க. தப்புன்னா தப்புன்னு எழுதுங்க. பேத்தி படிக்கிற இடம்.

முனையில போன மாசம் இருபத்தாறு அடி இருந்தது. இந்த மாசம் முப்பத்தொண்ணுன்னு சுவத்துல எழுதியிருக்கா.

அவசரப்படாதீங்க, படகு உங்களை விட்டுட்டுப் போகாது. பேனா எழுதுதா, நனைஞ்சுடுச்சா? ஆங், எழுதுது. எழுதிக்கங்க. பிரிஞ்ச சாக்கை எல்லாம் வெளிய எடுத்து மூலையைப் பார்க்கச் சொல்லுங்க, திரும்பி அடிச்ச தையல் ஒண்ணுல கூட இருக்காது. நான் அங்க முடிச்சுதான் போடுவேன், திரும்பி அடிக்கிற பொறுமை எனக்குக் கிடையாது. தையல்காரின்னு மட்டும் எழுதினா சரியா வராது, நாங்க ரெண்டு பேரும் தையல்காரிதான். சின்னவள்னு போடுங்க.