ஓடைக்கு அங்கிட்டு

— கால எடு சோலை. படம் அழியுது.

— எந்த எடத்துலக்கா நிக்கேன்?

— ஓடையில நிக்க. நீலப்பொடி தெரியல?

— தெரியுது. இது காளியம்மன் கோயிலு. இது தண்ணித்தொட்டி. இது உங்க வீடு, குருவம்மாக்கா. ஓடைக்கு அங்கிட்டு என்ன இருக்கு?

— அங்கிட்டு ஒண்ணும் போடல. பொடி தீந்துபோச்சு.

— சரியா எங்க தெரு வரயில தீந்துருச்சாக்கும்.

— ஏட்டி, காலங்காத்தால வம்புக்கு வந்தியா? நர்சம்மா, நீங்களே சொல்லுங்க. நேத்து ஊர்ப் பொம்பளைக அம்புட்டுப் பேரும் உக்காந்து கோலப்பொடியில போட்ட ஊர்ப் படம் இது. இவுக தெருவுக்கும் சொல்லித்தான விட்டோம்?

— சொல்லிவிட்டீக. நேரம் பாத்தீகளா? நீங்க வீட்டுல உக்காந்து பட்டாசுக்குத் திரி போடுதவுக. நாங்க கம்பெனி வேன்ல போறவுக. வேன் வந்து ஏத்திட்டுப் போன பெறவு கூட்டம்னா யாரு வருவா? கெழடுகதான் கெடந்துச்சு தெருவுல.

— தப்பு என்னோடது சோலையம்மா. நான் மாற்றலாகி வந்து ஆறு மாசம்தான் ஆகுது. வேன் நேரத்தைக் கேட்டுட்டுக் கூட்டம் வச்சிருக்கணும்.

— இருக்கட்டும் நர்சம்மா. இன்னைக்கும் வேன் வாரதுக்குள்ளதான் ஓடியாந்தேன். ஓடைக்கரையில இந்தச் செகப்புக் கட்டம் என்னது?

— அதான் கொட்டகை. இனிமே யாரும் வீட்டுக்குள்ள வச்சுத் திரி போடக்கூடாது. அங்கன வந்து போடணும், பொழுதடைய பூட்டிட்டு வரணும். சுதந்திர தினத்தன்னைக்கு கிராம சபையில தீர்மானம் போடப்போறோம்.

— நல்ல காரியந்தான்.

— எம்மக கையப் பாத்தேல்ல? பானுவால இன்னும் சோத்த உருட்டித் திங்க முடியல. அடுப்புல ஒரு பொறி தெறிச்சது. கட்டி வச்சிருந்த திரி அம்புட்டும் ஒரே மூச்சுல எரிஞ்சுபோச்சு. ஏஜெண்டு செல்லப்பாண்டிகிட்ட, இனிமே வீட்டுக்கு லோடு கொண்டாராதீகன்னு சொன்னேன். கொட்டகை வந்தா அங்கன எறக்குதேன், வராட்டா வீடு வீடாத்தான் எறக்குவேங்காரு. இந்தத் தீவாளி சீசனுக்கு எந்த வீட்டுக்குள்ளயும் ஒரு முழம் திரி கெடக்கக் கூடாது. நான் விட மாட்டேன்.

— விடுங்கன்னு நானும் சொல்லலக்கா. கொட்டகைய ஏன் அங்கன கொண்டுபோய் வச்சீக?

— அதுதான் ஊருக்கு வெளிய இருக்கு. காத்தும் மேக்க இருந்து கெழக்க அடிக்குது. தீப்பிடிச்சாலும் ஊருக்குள்ள வராது.

— பின்ன எங்க வரும்?

— குருவம்மா, பதில் சொல்லுங்க.

— நான் அத நெனைக்கல நர்சம்மா.

— ஓடைக்கரையில இருந்து ஒரு கல்லெறி தூரத்துல எங்க வீடு இருக்கு. எம்மக சினேகா அந்த வாசல்லதான் வெளையாடுவா. பகலெல்லாம் கம்பெனியில வெடிமருந்து பக்கத்துல இருக்கேன். வீட்டுக்கு வந்தாவது பயமில்லாமப் படுக்கணும்ல?

— கொட்டகையில உங்க தெருக்காரிகளுக்கும் வேல உண்டு. வேன் ஏற வேண்டாம்.

— வேலைக்கு வருவோம். கொட்டகைக்குப் பக்கத்துல குடியிருக்க மாட்டோம்.

— அப்ப கொட்டகை மனுவுல கையெழுத்துப் போட மாட்டீக.

— எங்க தெருவுல ஒருத்தி போட மாட்டா. கிராம சபைக்கு மட்டும் எல்லாரும் வருவோம். அன்னைக்கு லீவுதான.

— மெரட்டுதியாட்டி?

— வருவோம்னு சொல்லுதேன். அதுல என்ன மெரட்டு இருக்கு?

— குருவம்மா, எல்லாத் தெருவும் சம்மதிக்காம லைசென்ஸ் கிடைக்காது. ஆபீசரைக் கேட்டுட்டுத்தான் வந்தேன்.

— அப்ப தீவாளி வரைக்கும் பேசிக்கிட்டே இருப்போமா? வேற எடம் சொல்லச் சொல்லுங்க அவள.

— என்கிட்டயே கேளுங்கக்கா. பக்கத்துலதான நிக்கேன்.

— சரி. நீயே சொல்லு. எங்கன வைக்க?

— மொதல்ல எங்க தெருவப் போடுவோம். பெறவு எடம் பாப்போம்.

— பொடி இல்லங்கேன்.

— அடுப்புச் சாம்பல் கொண்டாந்திருக்கேன். எங்க தெருவுல வீட்டுக்கொரு கை வாங்குனது.

— விவரமாத்தான் வந்திருக்க. நீயே போடு. கோயில மிதிச்சிராம வா.

— நெசக் கோயிலுக்குள்ளயே விட மாட்டீக. பொடியில போட்ட கோயில மிதிச்சா என்ன வந்துரும்?

— வாயப் பாருங்க நர்சம்மா இவளுக்கு.

— சிரிக்கீகளேக்கா.

— போடு, போடு. வேன் வந்துரும். அங்கன ரெண்டு வீட்ட விட்டுட்ட பாரு, ஒச்சப்பன் வீடும் அவன் தம்பி வீடும்.

— எங்க தெரு உங்களுக்கு நல்லாத் தெரியுதே.

— தெரியாம என்ன. சரி, கண்மாய் மேட்டுல வைப்போமா?

— ஈரம். திரி நமுத்துப் போகும்.

— பள்ளிக்கூடத்துக்குப் பின்னால?

— நர்சம்மா நம்ம கழுத்தப் பிடிச்சிருவாக.

— கண்டிப்பா பிடிப்பேன்.

— சாத்தூர் ரோட்டோரம்?

— லாரிக்காரன் ஒருத்தன் பீடியத் தூக்கி எறிஞ்சாப் போதும்.

— நான் ஒண்ணு சொல்லட்டுமா? ஏழாயிரம்பண்ணை பஸ்ல வரும்போது ஒரு மேட்டுக்காடு தெரியும், சோளம் போட்டிருக்கு. இப்ப ரெண்டு தெருவும் படத்துல இருக்கு, நல்லாப் பாருங்க. ரெண்டுக்குமே அது தூரம். பக்கத்துல ஒரு வீடு கிடையாது. அங்க வச்சா என்ன?

— அத விடுங்க நர்சம்மா.

— ஏன் சோலையம்மா? இவ்வளவு நேரம் விடாமப் பேசினீங்க.

— அது சரிப்பட்டு வராது. வேன் வார நேரம், நான் கெளம்புதேன்.

— நில்லு சோலை.

— வேண்டாம்க்கா. உங்க வீட்டுல சண்ட வரும்.

— வரட்டும். நீ போகாத.

— எனக்கு ஒண்ணும் புரியல. யாரு நிலம் அது?

— எங்க வீட்டுக்காரரு உழுதுட்டு இருக்காரு நர்சம்மா. கல்யாணம் முடிஞ்சு வந்த நாள்ல இருந்து அந்தச் சோளத்தத்தான் திங்கேன்.

— ரொம்ப நல்லதாப் போச்சு. கொட்டகைக்கு மட்டும் கொஞ்சம் விட்டுத் தருவாரான்னு அவரையே கேட்டுருவோம்.

— அவர என்னத்துக்குக் கேக்கணும்? சர்க்கார் இவ மாமனாருக்குப் பட்டா போட்டுக் கொடுத்த நெலம் அது. இந்தா நிக்கா, இவளக் கேளுங்க.