வேல்விழி வைத்த தூரம்

மேடையில் அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் கனகசபாபதி அவர்களே, திருத்தங்கல் அச்சக உரிமையாளர்களே, வேலையை நிறுத்திவிட்டு வந்திருக்கும் தொழிலாளத் தோழர்களே! மறைந்த பொறியாளர் வேல்விழியைப் புகழத் தகுதியில்லாத ஒருவன் பேச வந்திருக்கிறேன்.

நான் படித்தது எட்டாம் வகுப்பு. அச்சகக் கேமராக்களின் லென்ஸைக் கழற்றிக் கழற்றியே ஒளியைக் கற்றவன். நாற்பது ஆண்டுகளில் இந்தச் சங்கம் என்னை ஒருநாளாவது மதித்து அழைத்ததுண்டா? இல்லை! அழைத்துப் பக்கத்தில் உட்காரவைத்தவர் வேல்விழி.

காகிதம் வெட்டுகிறவர் அளவுச் சீட்டைப் பார்க்கத் திரும்பும் நொடியில்தானே விரல் போகிறது? அந்த அளவையே கண்ணுக்கு முன்னால் கொண்டுவந்தார் அவர். தலையில் மாட்டும் கருவி அது: நெற்றியில் சின்னத் திரை, அதன் கீழே லென்ஸ், கண்ணெதிரே சாய்வாகப் பாதி ரசம் பூசிய கண்ணாடி. அதன் வழியே கத்தி தெரியும். கத்தியின்மேல் எண் மிதக்கும். கத்தி இரண்டரை அடியில் இருந்தால் எண்ணும் இரண்டரை அடியில் நிற்க வேண்டும் என்று கணக்கிட்டுத் திரையைப் பொருத்தினார்.

நான் ஒப்புக்கொள்ளவில்லை. அச்சைப் பூதக்கண்ணாடி வைத்துக் கிட்டத்தில் பார்த்தே பழகியவன். எழுத்து என்றால் ஒரு சாண் தூரம் என்பது என் பிடிவாதம். 2006 மார்ச்சில், உங்கள் முன் செய்துகாட்டிய அன்று காலை, அவருக்குத் தெரியாமல் திரையை ஐந்து மில்லிமீட்டர் லென்ஸை நோக்கித் தள்ளினேன். எண் ஒரு சாண் தூரத்துக்கு வந்துவிட்டது.

கண் ஒரே நேரத்தில் இரண்டு தூரத்தைப் பார்க்குமா?

கட்டிங் மெஷின் முனியராஜ் மாட்டிக்கொண்டு தடுமாறினார். "எண்ணைப் பாத்தா கத்தி மங்குது, கத்தியப் பாத்தா எண்ணு மங்குது. நான் கைய எங்கன வைக்க?"

"ஏலே, கழட்டிரு! இருக்குற விரலாவது மிஞ்சட்டும்" என்றார் ஒரு முதலாளி. சிரித்தீர்கள். வேண்டாம் என்று தீர்மானமும் போட்டீர்கள்.

பட்டறைக்குத் திரும்பித் திரையை அளந்த வேல்விழி கேட்டார்: "அண்ணாச்சி, நீங்க தள்ளுனீகளா?"

"இல்லை" என்றேன்.

அவர் மறுபடி கேட்கவேயில்லை. அதுதான் என்னைக் கொல்கிறது! இரண்டு ஆண்டுகள் "வேல்விழியின் கணக்குத் தப்பு" என்று இந்த ஊர் பேசியது. கேட்டுக்கொண்டே அவர் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தேன். காமாலையில் அவர் படுத்தபோதும் சொல்லவில்லை. அவர் போன பிறகு சொல்கிறேன். வெட்கமாக இருக்கிறது!

தலைவர் அவர்களே, தவறு என்னுடையது என்று இன்றைய தீர்மானத்தில் எழுதுங்கள். அதே மெஷினில் மறுபடி செய்துகாட்ட ஒரு மணி நேரம் கொடுங்கள். திரையை அவர் வைத்த தூரத்திலேயே வைத்திருக்கிறேன். இந்த வேலையை நான் விடமாட்டேன்.

முனியராஜிடம் காலையில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர், "அந்தப் பிள்ளைக்காக மாட்டுறேன் அண்ணாச்சி. ஆனா அன்னைக்கு நீங்க மெஷின்கிட்ட வரக்கூடாது" என்றார்.

அன்றைக்கு நான் வாசலிலேயே நிற்கிறேன்.