நாலு விரல் உயரம்

சங்கரன்கோவிலில் இருந்து புளியங்குடி போகும் பஸ்ஸில், என் முன்னிருக்கையில் இரண்டு பேர். ஜன்னலோரம் இருந்தவர் முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவர் கேட்டார்.

“சைக்கிள் சீட்டை நாலு விரல் ஏத்துனதும் முட்டுவலி போயிட்டுன்னீரே வே?”

“போச்சு. ஆனா கால் தரையில எட்டல. எவன் கூப்பிட்டாலும் நிக்காம, தலையை ஆட்டிட்டுப் போயிருவேன்.”

“அதுக்கென்ன?”

“மச்சினன் மூணு நாள் கூப்பிட்டுப் பாத்திருக்கான். நாலாம் நாள் எங்களுக்குள்ள சமாதானம் பேச ரெண்டு பெரியாளுக வீட்டுக்கு வந்துட்டாவ.”

“நீரு என்ன சொன்னீரு?”

“என்னத்தச் சொல்ல? அவுக முன்னாலயே ஸ்பேனரை எடுத்து சீட்டை எறக்கிட்டேன்.”

“இப்பம் மச்சினன் பேசுதானா?”

“சைக்கிளை மறிச்சுப் பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேங்கான். அதான் பஸ்ல வாரேன்.”