பூவைத் தரையென்று எண்ணிய வரைபடமும் எர்மெலிந்தா அம்மையாரும்

மரங்களை அளந்தவரே! மதிய வெயிலை மடக்கியவரே! நிழலுக்கும் ஒரு கணக்கு உண்டென்று நகரத்துக்கே காட்டிய எர்மெலிந்தா கபான்யாஸ் அம்மையீர்! வணக்கம்.

பணிக்காலம் முழுவதும் கழுத்து வலிக்க மேலே பார்த்தே நடந்தீர்கள். எந்தத் தெருவை எவ்வளவு கிளை மூடியிருக்கிறது என்று நீங்கள் அளந்து சொன்னபோதெல்லாம் வியந்தோம். ஆனால் வாயடைத்துப் போனது, நம் பராகுவே கோடையில் கொதித்த அந்த ஜனவரியில்தான்.

மகப்பேறு மருத்துவமனைச் சாலையை அகலமாக்க, இளஞ்சிவப்பாய்ப் பூக்கும் லபாச்சோ மரங்களில் மிச்சமிருந்தவற்றையும் வெட்டும் உத்தரவு கையெழுத்துக்குக் காத்திருந்தது. சாலைத் திட்டப் பொறியாளர் ஓவெலார், தெருவாரியாக மரங்களைக் காட்டும் வரைபடத்தை விரித்தார்.

"பாருங்கம்மா, மொட்டைத் தலை! மரமே இல்லாத இடத்துல எதைக் காப்பாத்தப் போறீங்க?"

"பொறியாளர் அய்யா, வானம் தெளிவா இருக்குன்னு ஆகஸ்ட்ல செயற்கைக்கோள் படம் எடுத்திருக்காங்க. லபாச்சோ இலையை உதிர்த்துட்டுப் பூத்து நிக்கிற மாசம். பச்சையை மட்டும் எண்ணச் சொன்னா, கணினி பூவைத் தரைன்னுதான் எண்ணும்."

"சரி, மரம் இருக்குன்னே வச்சுக்குவோம். நிழலால நகரத்துக்கு என்ன லாபம்?"

"நாளைக்கு உச்சி வெயில்ல தெரெரே குடிக்க வாங்க. காட்டுறேன்."

மறுநாள், அந்தச் சாலையில் ஏற்கெனவே மரம் வெட்டிய பாதியில் நாற்காலி போட்டீர்கள். பனிக்கட்டி நீர் ஊற்றிக் குடிக்கும் இலைப்பானம்தானே தெரெரே: ஒரே ஜாடி, கைமாறிச் சுற்றி வரும் ஒரே கிண்ணம். சுற்று முடியுமுன் எழுவது நம் ஊரில் மரியாதையில்லை. ஓவெலாரும் நாங்களும் உட்கார்ந்தே வெந்தோம். கிண்ணம் ஓவெலாருக்கு வருமுன் பனிக்கட்டி கரைந்துவிட்டது.

"அய்யய்யோ, இது தெரெரே இல்லம்மா, கஷாயம்!"

நீங்கள் நாற்காலிகளை லபாச்சோக்களின் கீழே மாற்றினீர்கள். இரண்டாம் ஜாடி முழுச் சுற்றும் வந்தது. உள்ளே பனிக்கட்டி இன்னும் கலகலத்தது. அப்போதுதான் வெப்பமானியை நீட்டி, வெயிலுக்கும் நிழலுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டினீர்கள்.

"நமக்குத் தெரெரே சூடாச்சு, அவ்வளவுதான். அங்க பாருங்க, மரம் வெட்டின பக்கம் நிறைமாசப் பொண்ணுங்க பஸ்ஸுக்கு நிக்கிறாங்க."

ஓவெலார் பையிலிருந்த உத்தரவை எடுத்து, மடியில் வைத்தே குறுக்குக்கோடு போட்டார்.

இன்று அந்தச் சாலை நம் நகர வரைபடத்தில் இளஞ்சிவப்பு. அம்மையீர், அந்தப் பூக்களின் கீழேதான் இந்தப் பணி ஓய்வு மடலை வாசிக்கிறோம். வாசிப்பவர் தலையிலும் பூ உதிர்கிறது. இனி அளக்க வேண்டாம், அமருங்கள். பனிக்கட்டி கரையாத ஜாடியும் கலகலக்கும் சுற்றமுமாய், நோயின்றி நெடுநாள் வாழ்க!

மர அளவைப் பிரிவுத் தோழர்கள்
மற்றும், எங்களை முந்திக்கொண்டு முதல் கையெழுத்திட்ட பொறியாளர் ஓவெலார்
பராகுவே, ஆகஸ்ட்