மானுக்கென்று விதைத்த கேல்

தேங்காய்ப்பூவைத் தாராளமாகப் போட்டு வறை வறுத்தால், கேல் கீரைக்கும் முருங்கையிலைக்கும் வித்தியாசம் தெரியாது. மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வந்தது.

கனடாவில் லிண்ட்சே பக்கம் மகேஸ்வரன் அண்ணைக்குக் கொஞ்சம் காடும் மரமில்லாத வெட்டையுமாக ஒரு காணி இருக்கிறது. நவம்பரில் ஸ்காபரோவிலிருந்து இரண்டு பேரும் அங்கே மான் வேட்டைக்குப் போவோம். ஒவ்வொரு வருடமும் மான் அவருக்கே விழும். எனக்கு இறைச்சியில் பங்கு வரும், கூடவே அது விழுந்த கதையும் வரும். அவருடைய பரண் வெட்டையைப் பார்த்தபடி இருந்தது. எனக்குத் தந்தது காட்டுக்கு அப்பால் ஒரு மூலை. அதைச் சொன்னால், "ஆடத் தெரியாதவள் நிலம் கோணல் எண்டாளாம்" என்பார்.

போன கோடையில் சொன்னார்: "கீதன், இந்த முறையும் உனக்கு ஒண்டும் விழேல்லையெண்டால், அடுத்த வருசம் மருமோன் பிரசாந்தைக் கூட்டிக்கொண்டு வாறன். குறை நினையாதை."

நான் குறை நினைக்கவில்லை. மானை இழுக்க வெட்டையில் என்ன விதைப்போம் என்று மட்டும் கேட்டேன். அவர் குளோவர் என்றார். பிறகு ஓட்ஸ் என்றார். நான் கேலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. உறைபனி பட்டால் அது இனிக்கும், மான் தேடி வரும். எந்த விதைக்கடையிலும் விசாரித்துப் பாருங்கள்.

கந்தசஷ்டி முடிந்த கையோடு எங்கள் கோயில் அன்ரிமாரிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். மருந்தடியாத கேல், வெட்டை நிறைய, சும்மா ஆயலாம் என்று. வரவேண்டிய நாளையும் நானே சொன்னேன்.

வேட்டை தொடங்கிய காலை, இரண்டு வான் நிறைய அன்ரிமார் வந்து இறங்கினார்கள். அண்ணை பரணிலிருந்து கத்தியது காடு தாண்டி எனக்கே கேட்டது.

"ஐயோ அக்கா, உது மானுக்குப் போட்டது!"

"மானுக்கென்னத்துக்குத் தம்பி கேல்? அதுக்கு வறை வறுக்கத் தெரியுமே?"

அன்ரிமார் மெல்லப் பேசுகிறவர்கள் அல்ல. காட்டுக்குள் படுத்திருந்த மான் எழும்பி, சத்தமில்லாத ஒரே பக்கத்தால் ஓடி வந்தது. அந்தப் பக்கம் நான் இருந்தேன். ஒரே வெடிதான்.

இதை முன்பே யோசித்தாயா என்று கேட்டால், ஓம், யோசித்தேன். ஆனால் நான் பொறுப்பில்லாத ஆள் அல்ல. துவக்கை அவர்கள் இல்லாத திசைக்குத்தான் பிடித்தேன். முருகனுக்கு உகந்த நிறம் என்று சொல்லி, எல்லாரையும் ஜக்கெற்றுக்கு மேலே வேட்டைக்காரர் போடுகிற அதே ஒரேஞ் நிறத்தில் சால்வை போர்த்திக்கொண்டு வரச் செய்திருந்தேன்.

அவர்களோடு வரவிருந்த என் மனைவி தவமணியிடம் அப்படியொன்று இல்லை. வாங்கிக் கொடுத்தேன். கல்யாணம் கட்டிய நாள் தொட்டு, அவள் கேளாமல் நான் வாங்கிய முதல் சாமான் அதுதான். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "உங்களுக்கு என்னில இவ்வளவு பட்சமே?" என்றாள்.

ஓம் என்றேன். அது பொய்யில்லை. பட்சமில்லாதவன், அவ்வளவு தூரத்துக்குத் தெரிகிற நிறமாகவா பார்த்து எடுப்பான்?