மேல்வீட்டுக்கு ஒரு கிளாஸ் சர்பத்

— கையில என்னடி அது, தட்டு போட்டு மூடி எடுத்துட்டு வந்திருக்கே?

— ஒண்ணுமில்ல, இன்சாஃப் அக்கா. உள்ள வரட்டுமா? வாசப்படியிலேயே நிக்க வெச்சுப் பேசினா எப்படி?

— உன்னை யாரு நிக்கச் சொன்னா? முப்பது வருஷமா இந்தக் கதவைத் தட்டாமலே உள்ள வந்தவ நீ. இன்னிக்கு மூணு தடவை தட்டினியே நகாத், யாரோ எவரோன்னு நெனச்சுட்டேன்.

— உங்க கண்ணாணை, கிளாஸ் தளும்புதுக்கா. படியேறி வர்றதுக்குள்ள கொஞ்சம் சிந்திடுச்சு, பாருங்க.

— செவப்பா சிந்தியிருக்கு. சர்பத்தா?

— ஆமாக்கா.

— அப்போ கீழ் வீட்ல நல்ல காரியம்.

— உங்களுக்குத் தெரியாததாக்கா? நம்ம ரிஹாமைப் பொண்ணு கேட்டு வர்றாங்க. அசர் தொழுகை முடிஞ்சதும் வந்து, மோதிரம் போட்டு, ஃபாத்திஹா ஓதிட்டுப் போயிடுவாங்க. பெருசா ஒண்ணுமில்ல. அவங்க பக்கம் பத்துப் பன்னெண்டு பேரு, நம்ம பக்கம் என் அண்ணன், அண்ணன் பொண்டாட்டி, நாத்தனாருங்க. மைக் கிடையாது, பாட்டு கிடையாது. குலவைகூட மெதுவாப் போடுங்கடின்னு சொல்லி வெச்சிருக்கேன். உங்க கண்ணாணை, ஒரு சத்தம் மேல வராது.

— காலையிலேர்ந்து நாற்காலி இழுக்கற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துது. மாப்ளை யாரு?

— ஷவ்கி. படகுத்துறைக்குப் போற ரோட்ல ஜூஸ் கடை வெச்சிருக்காரே, அவரு.

— அந்த மீசைக்காரனா? பொண்டாட்டி பாவம் சின்ன வயசுலயே தவறிட்டா. நோன்பு திறக்க அதிமதுரத் தண்ணி அவன் கடையிலதான் வாங்குவேன். காட்டம் குறையாது, தண்ணி ஊத்தி ஏமாத்த மாட்டான். நல்ல பையன்தான்.

— நல்லவர்தாங்க்கா. ரெண்டு டின் கரும்புச்சாறு, ஒரு டின் புளி சர்பத், ஐஸ் கட்டியோட காலையிலேயே அனுப்பிட்டாரு. "செவப்பு சர்பத் மட்டும் பொண்ணு வீட்டு மரியாதை, அதுல நான் கை வெக்க மாட்டேன்"னு சொல்லிவிட்டாரு.

— சரி. அப்புறம்? என்கிட்ட எதுக்கு வந்தே?

— அனுமதி கேக்க வந்தேங்க்கா.

— அனுமதியா?

— மேல நீங்க இப்படி இருக்கும்போது, கீழ நாங்க சர்பத் ஊத்தினா ஊரு என்ன பேசும்? உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு செஞ்சா...

— துக்க வீட்லதான் அனுமதி கேப்பாங்க, நகாத். என் வீட்ல யாருடி மவுத்து?

— ஐயோ அக்கா, நான் அப்படிச் சொல்லலை.

— வேற எப்படிச் சொன்னே? இந்த வீட்ல யாருக்காவது சர்க்கரை போடாத காபி ஊத்தினேனா? வாசல்ல நாற்காலி போட்டேனா? குர்ஆன் ஓத ஆளைக் கூப்பிட்டேனா?

— இத்தாலிக்குக் கள்ளத்தனமாப் போன அந்தப் படகு கவுந்து மூணு வருஷமாச்சுக்கா! அதுல ஏறின எல்லாப் பசங்க வீட்லயும் காபி ஊத்தியாச்சு. வலை பின்ற மஹ்ரூஸ் வீட்ல ஊத்தினாங்க. தச்சர் வீட்ல ரெண்டு பசங்களுக்கும் சேத்து ஒரே நாள்ல ஊத்தினாங்க. பள்ளிவாசல்ல, உடம்பு கிடைக்காதவங்களுக்காகக் காயிப் ஜனாஸா தொழுதப்போ, எல்லாப் பேரும் வாசிச்சாங்க, உங்க வஹீத் பேரை மட்டும் வாசிக்க விடலை நீங்க.

— என் புள்ள பேரை எங்க வாசிக்கணும்னு எனக்குத் தெரியும்.

— இப்போ நான் என்ன பண்ணட்டும், அதைச் சொல்லுங்க. கேக்காம ஊத்தினா, மேல ஒருத்தி இருக்கறதையே மதிக்கலைன்னு ஆவும். கேட்டா, என் புள்ளையைக் கொன்னுட்டியாங்கறீங்க. எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டுதே எனக்கு!

— கேக்காமலே ஊத்தியிருக்கலாம்.

— கர்கதே போட்டுடலாமான்னுகூடப் பாத்தேங்க்கா. அதுவும் செவப்புதானே? செம்பருத்தித் தண்ணின்னா சந்தோஷத்துக்கு ஊத்தினதா ஆகாது, உங்க மனசும் நோகாது. பாக்கறவங்களுக்கு கிளாஸ்ல செவப்பாத் தெரிஞ்சா போதும்னு...

— பொண்ணு கேட்டு வந்தவங்களுக்குக் கர்கதேயா? என்ன, பிரஷர் இறங்கறதுக்கா வந்திருக்காங்க? புத்தி இருக்கா உனக்கு?

— சிரிக்காதீங்கக்கா. நானே அழற நெலமையில இருக்கேன்.

— நான் எங்கடி சிரிச்சேன்? கொடு, பாக்கறேன். ம்ஹும். பாட்டில் சரக்கு. சோப்பு வாசனை அடிக்குது.

— வீட்ல காய்ச்ச எனக்குக் கை வராதே. இந்தத் தெருவுல அது உங்களுக்கு மட்டும்தானே வரும்?

— விடியக்காலையில பறிச்ச ரோஜா வேணும். வெயில் பட்டுச்சோ, போச்சு. இதழைக் கசக்கும்போதே எலுமிச்சை பிழியணும், இல்லேன்னா செவப்பு நிக்காது. அன்னிக்கு நான் காய்ச்சினதை உன் அண்ணன் மூணு கிளாஸ் குடிச்சான்.

— எங்க வீட்ல இன்னும் அதைத்தான் பேசறாங்க. உங்க வஹீத்துக்கும் எங்க ரிஹாமுக்கும் ஃபாத்திஹா ஓதின அன்னிக்கு. இதே கூடத்துல.

— இதே கூடத்துலதான். நாலே மாசத்துல படகு ஏறிட்டான். "இத்தாலியில ரெண்டு வருஷம் இருந்துட்டு வரேன், உம்மா. வந்து இதுக்கு மேல ஒரு மாடி எடுக்கறேன், ரிஹாமை அங்க குடி வெக்கறேன்"னான். மாடிக் கம்பி அப்படியே துருப்பிடிச்சு நிக்குது.

— பழசைப் பேச வேணாமே, அக்கா.

— நீதானே கொண்டு வந்தே, தட்டு போட்டு மூடி.

— சரி, மறைக்காம சொல்லிடறேன். என்னை மேல அனுப்பினது ஊருக்கான பயம் இல்ல. ரிஹாம்தான். "இன்சாஃப் மாமி ஒரு வாய் குடிக்கட்டும், அப்பதான் நான் கூடத்துக்கு வருவேன்"னு கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்திருக்கா. தலைகூட வாரலை. உங்க காலைப் பிடிக்கறேன், அக்கா. ஒரே ஒரு வாய்.

— நான் குடிச்சா என்ன அர்த்தம்?

— ஒரு அர்த்தமும் இல்ல. தாகத்துக்குக் குடிச்சதா இருக்கட்டுமே.

— இதைத் தாகத்துக்கு யாருடி குடிப்பா? நான் குடிச்சா, என் புள்ளைக்குப் பேசி வெச்ச பொண்ணை இன்னொருத்தனுக்குக் கொடுக்கச் சம்மதம்னு அர்த்தம். அவன் இனி வரமாட்டான்னு அர்த்தம்.

— அவளுக்கு இருபத்தொம்பது வயசு ஆச்சுக்கா! அவகூடப் படிச்சவளுங்க எல்லாம் ரெண்டாவது புள்ளையும் பெத்து, பிரசவ மருந்தா மொகாத் காய்ச்சிக் குடிச்சு எழுந்து நடமாடறாளுங்க. எங்கெங்கயோ போய் அந்த மொகாத்தை நெய் மணக்க மணக்கக் குடிச்சுட்டு வரேன். என் வீட்ல அந்தப் பாத்திரம் கவுத்தேதான் கெடக்குது.

— கத்தாதே.

— கத்துவேன். நீங்க பத்து மாசம் சுமந்தீங்க, சரி. நானும் சுமந்தவதான். உங்க புள்ள கடல்ல போனான். என் பொண்ணு கரையிலேயே மூழ்கிக்கிட்டு இருக்கா. அது உங்க கண்ணுக்குத் தெரியலையா?

— உம்மா, போதும்.

— ரிஹாம்! உன்னை யாருடி மேல வரச் சொன்னது? அதுவும் தலைவிரி கோலமா!

— நீ பேசறது தெருமுனை வரைக்கும் கேக்குது, உம்மா. மாமா வந்துட்டாரு. அவங்க வண்டியும் பாலத்துகிட்ட வந்துடுச்சாம். நீ கீழ போ.

— நான் போறேன், நீ?

— மாமிகிட்ட நான் பேசிக்கறேன். அஞ்சு நிமிஷம்.

— அஞ்சே நிமிஷம்தான்! அக்கா, உங்க கண்ணாணை, இவளை எப்படியாவது அனுப்பி வெச்சுடுங்க. வந்தவங்களை நான் என்னத்தைச் சொல்லி உக்கார வெப்பேன்...

— கரும்புச்சாறு இருக்கில்ல, அதை ஊத்து. போடி. படியைப் பாத்து இறங்கு, நீ சிந்தினது உன்னையே வழுக்கி விடப் போவுது.

— மாமி.

— உக்காரு, ரிஹாம்.

— நிக்கறேன் மாமி. உக்காந்தா அழுதுடுவேன்.

— சரி, நில்லு. ஒண்ணு கேக்கறேன், உள்ளதைச் சொல்லு. அந்தக் கடைக்காரனை உனக்குப் பிடிச்சிருக்கா?

— பிடிக்காம இல்ல.

— இது பதிலா?

— உம்மாவுக்கு மாம்பழ ஜூஸ் வாங்கப் போவேன். ஒரு நாள் அவரு கேட்டாரு: "வாங்கிட்டு வாங்கிட்டுப் போறியே, நீ ஒரு நாளும் குடிச்சு நான் பாத்ததில்லையே?" அவரு கேட்டப்புறம்தான் எனக்கே தெரிஞ்சுது, மாமி. வஹீத் போனதுலேர்ந்து இனிப்பா எதையும் நான் வாயில வெக்கலை. கடைசி மூச்சுல உப்புத் தண்ணியைத்தானே அவன் குடிச்சிருப்பான்? எனக்கு எப்படித் தொண்டையில இறங்கும்?

— அல்லாஹ்வே.

— அன்னிக்கு என் கண் முன்னாடியே ஒரு கரும்பைப் பிழிஞ்சு கொடுத்தாரு. குடிச்சேன். வீட்டுக்கு வந்து எல்லாத்தையும் வாந்தி எடுத்தேன். மறுநாளும் போனேன். நாலாவது நாள்தான் வயித்துல நின்னுது.

— வஹீத் விஷயம் அவனுக்குத் தெரியுமா?

— எல்லாம் சொல்லிட்டேன். "என் பொண்டாட்டியை நெனச்சு நானும்தான் அழறேன். நீ உன் ஆளுக்கு அழு. ரெண்டு பேரும் ஒரே வீட்ல இருந்து அழுதா கொஞ்சம் பாரம் குறையும்"னாரு.

— ம்.

— மாமி, உங்களுக்கு இஷ்டம் இல்லேன்னா இப்பவே கீழ போய் அவங்களைத் திருப்பி அனுப்பிடறேன். உம்மா அடிப்பா. அடிக்கட்டும். அவன் வருவான்னு நீங்க காத்திருந்தா, நானும் உங்ககூட உக்காந்து காத்திருக்கேன். சத்தியமா.

— வாயை மூடு. என்ன பேச்சு இது?

— கடற்கரையில மத்தவங்க எல்லாம் தலையில தலையில அடிச்சுக்கிட்டு அழுதப்போ, நீங்க மட்டும் என் கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்க. காலையிலேர்ந்து பொழுது சாயற வரைக்கும் விடலை. அந்தக் கையை நானா எப்படி உதறுவேன்?

— அந்த கிளாஸை இப்படிக் கொடு.

— மாமி...

— கொடுன்னு சொன்னேன். பிஸ்மில்லாஹ்.

— முழுசும் வேணாம் மாமி, ஒரு வாய் போதும்.

— ஒரு வாய்னா அரைச் சம்மதம். அரைகுறையாக் கொடுத்து எனக்குப் பழக்கமில்ல. அப்பப்பா, என்ன இனிப்பு! நாக்கு ஒட்டுது. இந்தா, காலி. மனசாரச் சொல்றேன். போ, தலையை வாரிக்கோ, அந்த மனுஷன் பக்கத்துல போய் உக்காரு.

— கையைக் கொடுங்க, முத்தம் கொடுக்கணும்.

— விடு, விடு. அழாதே. கண்ணு வீங்கினா கீழ இருக்கற பொம்பளைங்க கதை கட்டிடுவாளுங்க.

— நான் அவனை மறந்துட்டுப் போறேன்னு நெனச்சுடாதீங்க. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை கடலுக்குப் போய் அவனுக்கு யாசீன் ஓதிட்டு வரேனே, அதை நிறுத்த மாட்டேன்.

— இன்னுமா போறே?

— ஒரு வாரம் விட்டதில்ல. அவனுக்குன்னு ஒரு கபர் கிடையாதே, கடல்தானே.

— போன மாசம் அந்த மழையில?

— அன்னிக்கும் போனேன். நனைஞ்சு காய்ச்சல் வந்து படுத்ததுக்கு உம்மா திட்டினது உங்களுக்குக் கேட்டிருக்குமே. அப்புறம் இன்னொண்ணு மாமி. ஷவ்கிகிட்ட பேசிட்டேன், அவரும் சரின்னுட்டாரு. முதல்ல பிறக்கறது பையன்னா வஹீத்னுதான் பேரு. உங்க மடியிலதான் கொண்டு வந்து போடுவேன்.

— வேணாம்.

— என்ன மாமி?

— அந்தப் பேரு வேணாம். யாசீனும் வேணாம். இனிமே அங்க போகாதே.

— ஏன் மாமி? நான் என்ன தப்பு பண்ணிட்டேன்?

— நீ ஒரு தப்பும் பண்ணலை. அதான் என்னை அறுக்குது. கதவைச் சாத்திட்டு வா.

— எனக்குப் பயமா இருக்கு. அவங்க வந்துட்டாங்க போல, கீழ குலவை போடறாங்க.

— போடட்டும். நல்லாவே போடட்டும். கிட்ட வா. அவன் திரும்பி வருவான்கற நம்பிக்கையில நான் உக்காந்திருக்கேன்னுதானே நீயும் நெனச்சுக்கிட்டிருக்கே?

— ஆமா. வேற எதுக்கு?

— போன வருஷம் நோன்புல, பாங்கு சொல்ல கொஞ்ச நேரம் இருக்கும்போது ஒரு போன் வந்துது, ரிஹாம்.

— யாருகிட்டேர்ந்து?

— வஹீத்தான் பேசினான். அங்க ஒருத்தியைக் கட்டிக்கிட்டானாம், பின்னால கைப்புள்ள அழற சத்தம்கூட எனக்குக் கேட்டுது. "ரிஹாம்கிட்ட நான் கடல்லயே போயிட்டேன்னு சொல்லிடு உம்மா"ன்னான். என் புள்ளையை என் வாயாலேயே கொல்ல எனக்கு வரலடி.