வின்னுக்கு மட்டும்

— அந்தப் பெட்டைக் குதிரையப் பத்தி பேப்பர்ல என்ன போட்டிருக்கான், இன்னொரு தடவ படி, பிரைடி.

— ரெண்டு தடவ படிச்சாச்சு மாஸி. பேரு பாதிரியார் தோட்டம். வயசு பதினொண்ணு. விலை பதினாறுக்கு ஒண்ணு, ஒண்ணு கட்டினா பதினாறு தர்றான். நாலு மணிக்கு டாக்டர் வார்டுக்கு வந்து நிப்பாரு. நாளைக்கு ஆபரேஷன் வேணுமா வேணாமான்னு அவருக்கு ஒரு பதில் யோசிச்சியா?

— நாலு மணிக்குத்தானே. ரேஸு மூணுக்கு. ராத்திரி லிமெரிக்ல மழையா?

— நேத்துக் காலையில இருந்து விடிய விடிய. நேத்து கிறிஸ்துமஸ் பூசைக்குப் போன சனம் அத்தனையும் நனைஞ்சுதான் வீடு வந்துச்சு.

— அப்ப தரை சேறுதான். ஃபேவரிட்டு இன்னைக்குத் தேறாது.

— வெள்ளிக் கதவா? ஊரே அது மேலதான் கட்டுது. ரெண்டுக்கு ஒண்ணுகூட பெயரல.

— ஊரு கட்டும். வேகமான குதிரைதான், இல்லேங்கல. ஆனா களைச்சுட்டா வேலி வர்றதுக்கு முன்னாடியே எகிறிடும். சேத்துல மூணு மைல் ஓடிட்டு கடைசி வேலிய அப்படித் தாண்டினா மூக்குதான் உடையும்.

— கிளேர்க்காரன்னு ஒண்ணு இருக்கே, நாலுக்கு ஒண்ணு?

— நல்ல குதிரை. விலைதான் நல்லால்ல. ஜெயிக்குமான்னு எவன் வேணாலும் கேப்பான் புள்ள. குடுக்கற விலைக்குத் தகுமான்னு கேக்கணும்.

— முப்பது வருஷமா இதே பாட்டு.

— தோட்டக்காரி மெதுவாத்தான் போவா. ஆனா ஒரு தடவகூட விழுந்ததில்ல. சேறுன்னா அவளுக்கு மெத்தை மாதிரி. எட்டுக்கு ஒண்ணு குடுத்தாலே நான் எடுப்பேன். பதினாறு குடுக்கறான், முட்டாப்பய.

— என் அண்ணன் கானும் அது மேலதான் கட்டியிருக்கானாம். பாதி வின்னுக்கு, பாதி பிளேஸுக்கு.

— கட்டுவான், கட்டுவான். வின்னுன்னா மொதல்ல வரணும், பிளேஸுன்னா மூணாவதா வந்தாலும் நாலு காசு தேறுமில்ல. குடையப் பிடிச்சுக்கிட்டே குளிக்கறவனாச்சே உங்கண்ணன்.

— சிரிக்காத, இருமல் வரும்னு சொன்னேன்ல. இந்தா, தண்ணி. மெதுவா. ம், போதும், சாஞ்சுக்க.

— போச்சு, போச்சு. ஒண்ணுமில்ல.

— நான் ஒண்ணு கேக்கறேன். பத்துப் பேர்ல ஒருத்தர்தான் பொழைப்பாங்கன்னு டாக்டர் சொன்னாரே. அது என்ன விலை?

— நல்ல விலை. கத்தி வைக்கலேன்னா எனக்கு வசந்தம் வரைக்கும்தான். வச்சுப் பொழைச்சா பத்து வருஷம், பதினஞ்சு வருஷம். நாலஞ்சு மாசத்த வச்சா பதினஞ்சு வருஷம் வருது. பந்தயம் வாங்கற எந்த புக்கியும் இப்படிக் குடுக்க மாட்டான். கையில கெடக்கறது சில்லறை, பிரைடி.

— சில்லறையா? ஜன்னலோரமா உனக்குக் கட்டிலப் போட்டு, மாடு கன்னு போடறத நீ பாத்துக்கிட்டு, நான் உன் காலடியில உக்காந்து டீ குடிச்சுக்கிட்டு. அதுவா உனக்குச் சில்லறை?

— நான் அப்படிச் சொல்லல.

— அந்த நாலஞ்சு மாசம் உன்னுது மட்டுமில்ல மாஸி. பாதி என்னோடது. என்னைக் கேக்காம என் பங்கையும் சேத்து வச்சு ஆடற. நாளைக்கு அந்த மேசையிலயே நீ போயிட்டா, நான் ஒத்தையில கார ஓட்டிக்கிட்டு வீட்டுக்குப் போகணும். எனக்கு பயமா இருக்கு.

— இங்க வா. கையக் குடு.

— கை எதுக்கு? பதில் சொல்லு.

— நீ சொல்றது சரிதான். உன் பங்க நான் கணக்குல சேக்கவே இல்ல.

— சரி, விடு. உன் முன்னாடி அழக்கூடாதுன்னுதான் வந்தேன். பந்தயம் கட்டற கடைக்குக் கெளம்பறேன், இன்னைக்கு ஸ்டீபன் தினம், கூட்டம் நெரியும். தோட்டக்காரி மேல, வழக்கம் போல எல்லாம் வின்னுக்குத்தானே?

— பாதி வின்னுக்கு. பாதி பிளேஸுக்கு.

— என்ன சொன்ன?

— மூணாவதா வந்தாலும் போதும் புள்ள. டாக்டர்கிட்டயும் ஆபரேஷன் வேணாம்னு சொல்லிடு. கட்டில ஜன்னலோரமா போடு.

— நீயா பேசற?

— நீ கேட்டதுதானே.

— கேட்டேன். நான்தான் கேட்டேன். கல்யாணக் கோட்ட வித்து அம்பதுக்கு ஒண்ணு குதிரை மேல கட்டினியே, ஞாபகமிருக்கா? மொத வேலியிலயே அது விழுந்துச்சு. சட்டையோட மழையில நின்னுக்கிட்டு, விலை சரியான விலைதான்னு சிரிச்ச. அந்த ஆளைத்தான் நான் கட்டிக்கிட்டது. பிளேஸுக்குக் கட்டற ஒருத்தன வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் நான் என்ன பண்ணுவேன் மாஸி?

— அழாத. கடைக்கு நேரமாச்சு பாரு.

— போறேன். எல்லாத்தையும் வின்னுக்கே கட்டறேன். டாக்டர் வரட்டும், நானே சரின்னு சொல்றேன். என் பாதியையும் சேத்து வச்சு ஆடு.